மேலே பச்சை, கீழே செங்கல்

ஆயிரம் சதுர அடியில் புல்தரை. அதற்கு அடியில் அரை அடி நல்ல மண். பெருக்கினால் 500 கன அடி. நம் ஊர்க் கணக்கில் நூறு கன அடி ஒரு யூனிட். ஆக, ஐந்து யூனிட் மண். இந்தக் கணக்குக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும். ஆனால், புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முன்பக்கம் ‘லான்’ போட ஆள் தேடுகிறவர்களில் எத்தனை பேர் இதைப் போட்டுப் பார்க்கிறார்கள்? வாசலில் ஒரே ஒரு டிப்பர் செம்மண் கொட்டும். நாலு பேர் சேர்ந்து அதை மண்வெட்டியால் இழுத்துப் பரப்புவார்கள். மதியத்துக்குள் புல் பத்தைகளை அடுக்கி முடித்துவிடுவார்கள். சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சியதும் போட்டோ எடுக்கிற அளவுக்குப் பச்சை. காசு கைமாறும். வந்த வண்டி போய்விடும்.

மூன்றாம் நாளே அந்தப் புல்லின் மேல் ஷாமியானா எழும்பும். இருநூறு நாற்காலிகள், விருந்தினர் செருப்புகள், ஐஸ்கிரீம் ஸ்டால். புதிதாகப் பதித்த புல்லின் மேல் இரண்டு மூன்று வாரத்துக்கு யாரும் நடக்கவே கூடாது என்று வீட்டுக்காரரிடம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து, வந்தவர்கள் எல்லாம் மெச்சிப் போன அதே இடத்தில் வைக்கோல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருக்கும். நடுவில் கோரை தலை நீட்டும். வீட்டுக்காரர் யூரியா வாங்கிவந்து கைநிறையத் தூவுவார். திட்டு இன்னும் பெரிதாகும். போட்டவரின் எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ‘புல் சரியில்லை’ என்று தீர்ப்பு.

புல் மேல் தப்பில்லை. வேர் இறங்கிப் போன இடத்தில் இருந்தது செங்கல்.

வீடு கட்டுகிற ஓராண்டில் முன்பக்கத்துக் காலி இடம்தான் எல்லாவற்றுக்கும் களம். அங்கேதான் கலவை போடுவார்கள், கம்பி வளைப்பார்கள், டைல்ஸ் அறுப்பார்கள், பெயின்ட் டப்பாவைக் கழுவி ஊற்றுவார்கள். லாரி ஏறி இறங்கி அந்த மண் ரோடு மாதிரி இறுகிப்போயிருக்கும். சிமென்ட்டும் சுண்ணாம்பும் சேரச் சேர மண்ணில் காரத்தன்மை ஏறும். கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அப்போது வருகிற மஞ்சள் நிறத்துக்கு யூரியா மருந்தாகாது. தண்ணீரில்லாமல் துவண்டு கிடக்கும் வேர்மேல் உரத்தைக் கொட்டினால், இருக்கிற உயிரும் கருகும்.

தொழில் தெரிந்தவர் வந்தால் முதலில் புல்லைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரு கடப்பாரை கேட்பார். நாலு மூலையிலும் நடுவிலும் குத்திப் பார்ப்பார். ‘ணங்’ என்று சத்தம் வந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்வார். குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புவார். உப்பா, சப்பா என்று தெரிந்துவிடும். மாமரத்து நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்று கேட்பார். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்பார். வீட்டுக்காரர் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பார். இந்த அரை மணி நேரத்துக்குத்தான் உண்மையில் காசு கொடுக்க வேண்டும். நம் வழக்கத்திலோ இதற்கென்று ஒரு பைசாவும் கிடையாது.

புல்தரை போட உள்ளூரில் தொழில் தெரிந்தவரை அமர்த்துவது வீண் செலவு, நர்சரிக்காரரே ஆள் அனுப்பிப் போட்டுவிடுவார் என்பது பரவலான எண்ணம். இந்தக் கட்டுரை அதற்கு எதிர்க்கட்சி. உள்ளூர்க்காரரை அமர்த்த வேண்டும். அமர்த்தும் முறையையும் மாற்ற வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசுவதை விட்டுவிட்டு, மூன்று மாதப் பொறுப்புக்கு இவ்வளவு என்று பேச வேண்டும்.

சதுர அடி என்னும் கண்ணி

சதுர அடிக் கணக்கில் ஒரு வசதி உண்டு: மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஆனால் அந்த விலைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது? பழைய மண்ணை முக்கால் அடிக்குக் கொத்திக் கல்லைப் பொறுக்குவது, நல்ல மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புவது, கரையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் வேப்பம்புண்ணாக்கு சேர்ப்பது, சுவரை விட்டு வெளிப்பக்கம் பத்து அடிக்கு ஓரிரு அங்குலம் சரியும்படி வாட்டம் பார்ப்பது, ரோலர் உருட்டி மட்டப்படுத்துவது, அப்புறம்தான் புல். இதில் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது கடைசி வேலை மட்டும். பேரத்தில் ஐந்து ரூபாய் குறைத்தால் அந்த ஐந்து ரூபாய் எங்கிருந்து போகும்? கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்துதான்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல கார், எது ஓட்டை கார் என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லாக் காருக்கும் நடுத்தர விலையே சொல்வார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும். இந்தச் சிந்தனைக்காக அவருக்கு 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் ஊர் லான் தொழிலில் நடப்பது அப்படியே இதுதான். ஐந்து யூனிட் மண் கொட்டுகிறவரும் ஒரு யூனிட் கொட்டுகிறவரும் ஒரே வரிசையில் நின்று விலை சொன்னால், முதலாமவருக்கு வேலை கிடைக்காது. நாலு முறை தோற்றபிறகு அவரும் ஒரு யூனிட்டுக்கு இறங்கிவிடுவார், இல்லையென்றால் தொழிலையே விட்டுவிடுவார். நல்ல ஆள் கிடைப்பதில்லை என்று புலம்பும் நாம்தான் நல்ல ஆளைச் சந்தையிலிருந்து துரத்திக்கொண்டிருக்கிறோம்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் இது இன்னும் மோசம். மூன்று விலைப்புள்ளி வாங்கு, குறைந்ததை எடு என்பது அங்கே சட்டம். புல்லைப் பதிப்பது ஒரு ஒப்பந்தம், பராமரிப்பு வேறொரு ஒப்பந்தம். பதித்தவருக்கு அது பிழைத்ததா என்ற கவலை இல்லை. பராமரிப்பவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. நடுவில் ஓஸ் பைப்பைப் பிடித்து நிற்பவர் காவலாளி. கேட்டைத் திறந்து மூடுவதற்கு இடையில், அவருக்கு நேரம் கிடைக்கும்போது, புல்லுக்குத் தண்ணீர் கிடைக்கும்.

மெக்சிகோ தெரியாத மெக்சிகன்

புல்லின் பெயர்களே ஒரு வேடிக்கை. நர்சரியில் ‘மெக்சிகன்’ என்பார்கள், ‘கொரியன்’ என்பார்கள், ‘பெர்முடா’ என்பார்கள், ‘பஃபலோ’ என்பார்கள். மெக்சிகன் என்று நம் பக்கம் விற்பது பெரும்பாலும் சாய்சியா இனம். அதன் பூர்வீகம் ஆசியாவும் ஆஸ்திரேலியாவும். மெக்சிகோவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இங்கே நிழலுக்குப் போடும் அகன்ற இலைப் ‘பஃபலோ’வும் அமெரிக்கப் புல்வெளிகளின் பஃபலோ புல்லும் வேறு வேறு. இணையத்தில் அமெரிக்கக் குறிப்பைப் படித்துவிட்டு இங்கே பஃபலோ வாங்குபவர் தவறான புல்லைப் பற்றிச் சரியாகப் படித்தவர் ஆகிறார்.

பெர்முடா கதை இன்னும் சுவையானது. உலகமெங்கும் கோல்ஃப் திடல்களில் விரித்திருக்கும் அந்தப் பெர்முடா புல்லின் தாவரவியல் பெயர் சைனடான் டாக்டிலான். நம் ஊர் அருகம்புல்லின் பெயரும் அதுவேதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி இதை ஓர் ஆப்பிரிக்கப் புல்லோடு கலப்பு செய்தார். அதே கலப்பு வகையைச் சேர்ந்த ‘டிஃப்வே’ ரகம் 1960-ல் வெளியானது. பல நாடுகளின் விளையாட்டுத் திடல்களை மூடியிருக்கும் அந்த ரகத்தின் பெற்றோரில் ஒன்று, பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகு. நம்மவர்களோ காலையில் மெரினாவில் நடந்துவிட்டு அருகம்புல் சாறு வாங்கிக் குடிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ‘மெக்சிகன்’ நடுவே முளைத்த அருகைப் பிடுங்க ஆளுக்குக் கூலி கொடுக்கிறார்கள். கல்யாண வாழ்த்தில் வேரோடி வாழச் சொல்லி அருகைத்தான் உதாரணம் காட்டுகிறோம். வாசலில் அது வேரோடினால் களை.

இங்கேதான் உள்ளூர் நிபுணரின் வேலை. நாள் முழுக்க வெயில் விழும் இடமா, அருகு வகையே போதும். வறட்சி தாங்கும், மிதிபட்டாலும் தழைக்கும். ஆனால் நிழலில் அது நிற்காது. மரத்தடியா, பஃபலோ பார்க்கலாம். அடிக்கடி வெட்ட ஆளில்லாத வீடா, மெதுவாக வளரும் சாய்சியா பரவாயில்லை. ஆனால் ஒன்று, அது அடிபட்டால் ஆறுவதும் மெதுவாகத்தான். ஆல்பத்தில் பார்த்த படத்தை வைத்துப் புல்லைத் தேர்ந்தெடுப்பது, பெண் பார்க்கப் போகாமல் போட்டோவுக்குத் தாலி கட்டுவது மாதிரி.

விம்பிள்டன் போன்ற இடத்திலேயே இந்த யோசனை இல்லாமல் புல் போடுவதில்லை. 2001 முதல் அங்கே முழுக்க ரைகிராஸ் என்ற ஒரே வகை. போட்டியின்போது உயரம் 8 மில்லிமீட்டர். அது குளிர்நாட்டுப் புல். டிவியில் பார்த்த ஆசையில் சென்னை வெயிலுக்கு அதைக் கேட்பவரிடம் ‘முடியாது சார்’ என்று சொல்லத் தெரிந்தவர்தான் வேண்டியவர்.

ஐந்நூறு கிலோமீட்டர் பயணம்

‘உள்ளூர்’ என்ற சொல்லை ஊர்ப்பாசமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் வெறும் மண்ணும் தண்ணீரும் வெயிலும்தான் இருக்கின்றன.

கோதாவரிக் கரையில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியம் என்ற ஊர் இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்க நர்சரி. தென்னிந்தியாவின் பெருநகரங்களுக்கு அங்கிருந்து லாரி லாரியாகச் செடிகள் வருகின்றன. தொட்டியில் இருக்கும் செடி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யும். வந்து இரண்டு நாள் நிழலில் வைத்தால் தெளிந்துவிடும். வெட்டி எடுத்த புல் பத்தை அப்படியல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதும் அது மூச்சுவிடும் சூட்டிலேயே உள்ளுக்குள் வேகத் தொடங்கும். ஒரு நாளைக்குள் மண்ணைத் தொட வேண்டிய பொருள் அது. சித்திரை வெயிலில் தார்ப்பாய் போர்த்தி வரும் லாரியில் நடுவடுக்குப் புல் எப்படி இருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். இட்லிப்பானையைத் திறந்த மாதிரி ஆவி வரும். பக்கத்து நர்சரியில் காலையில் வெட்டி மதியம் பதிக்கிற புல்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது மண். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் அடியில் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு. கோவையின் கரிசல் பகுதிகளில் நேர்மாறு. மழையில் சேறாகித் தண்ணீர் நிற்கும், கோடையில் வெடிக்கும். முன்னதற்குத் தொழு உரமும் செம்மண்ணும் வேண்டும், பின்னதற்கு வடிகாலும் மணலும் வேண்டும். நீலகிரி முற்றிலும் வேறு உலகம். 1848-ல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பேற்று உருவாக்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் உருண்டு விளையாடாத தமிழ்க் குழந்தை குறைவு. அந்தக் குளிரும் புளிப்பு மண்ணும் சமவெளியில் கிடையாது. மலையில் செழிக்கும் கிக்குயு புல் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்தது. வேலி தாண்டி இயற்கைப் புல்வெளிகளுக்குள் புகுந்து அங்கே அது ஒரு தொல்லையாகவே ஆகிவிட்டது. சென்னையில் கற்ற பாடத்தைக் குன்னூரில் ஒப்பிக்க முடியாது.

கோரையை மறக்கக் கூடாது. உலகின் மிக மோசமான களை எது என்று களை ஆய்வாளர்கள் பட்டியல் போட்டபோது முதலிடம் கொடுத்தது இதற்குத்தான். பாட்டிமார் குளியல் பொடியில் சேர்த்த வாசனைக் கோரைக்கிழங்கு, புல்தரைக்குள் வந்துவிட்டால் எமன். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு நிற்கும், ஒன்று பத்தாகும். அது பெரும்பாலும் வருவது வாங்கிக் கொட்டும் மண்ணோடு. எந்த இடத்து மண்ணில் கோரை இருக்கும், எந்த லோடில் இருக்காது என்று அந்த வட்டாரத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். மண் லாரிக்கு நடைச்சீட்டு இருக்கிறதா என்று பார்க்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருட்டு மண்ணில் பச்சை விரிப்பது யாருக்கும் அழகில்லை. மண்ணை நிரப்பியபின் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் சும்மா போட்டு, முளைத்த கோரையைக் கிழங்கோடு எடுத்துவிட்டுப் புல் பதிப்பதே முறை. ‘பத்து நாளில் ஃபங்ஷன்’ என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

தண்ணீர்க் கேள்வி

இந்த இடத்தில் நியாயமான ஒரு குரல் குறுக்கிடும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் புல்லுக்கு என்ன கேடு?

அந்தக் குரலை அலட்சியப்படுத்த முடியாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ஆண்டை மறந்துவிட்டு யாரும் சென்னையில் லான் பற்றிப் பேசக் கூடாது. கணக்கும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். கடுங்கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் சுமார் 465 லிட்டர். நகரங்களில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் 135 லிட்டர். ஆக, அந்தப் புல்தரை வீட்டில் கூடுதலாக மூன்றரை ஆள். 12,000 லிட்டர் லாரி ஒன்று அதற்கு ஒரு மாதம்கூட வராது.

புல்லைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நாடே இன்று கணக்குப் பார்க்கிறது. அமெரிக்காவில் பாசனம் பெறும் மக்காச்சோளத்தைப் போல மூன்று மடங்குப் பரப்பில் புல்தரை இருக்கிறது என்று நாசாவில் பணியாற்றிய கிறிஸ்டினா மிலேசி 2005-ல் செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு மதிப்பிட்டார். நெவாடா மாநிலம் 2021-ல் ஒரு சட்டம் போட்டது. லாஸ் வேகஸ் பகுதியில் யாரும் நடக்காத, விளையாடாத, வெறும் அழகுக்கு இருக்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீரை விடக் கூடாது. தனி வீடுகளும் பூங்காக்களும் பள்ளிகளும் அதில் சேரவில்லை. புல்லை ஒழிக்கவில்லை, எந்தப் புல் யாருக்கு என்று பிரித்தார்கள்.

நம் ஊருக்கும் அந்தப் பிரிப்பு பொருந்தும். லான் நம் வழக்கமும் அல்ல. எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் துணி ஆலை எந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் எந்திரம் செய்தது 1830-ல். சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது 1835-ல். அந்தக் காலத்துத் துரைமார் பங்களாவோடு வந்த பழக்கம் இது. நம் வீடுகளில் முன்னே சாணம் தெளித்துக் கோலமிட்ட வாசல், பின்னே கிணற்றடி வாழை. ஆனால் அந்த வாசல் இப்போது எங்கே இருக்கிறது? புல் வேண்டாம் என்றவர்களில் பெரும்பாலோர் மண்ணை அப்படியே விடவில்லை; இன்டர்லாக் கல் பதித்தார்கள், சிமென்ட் பூசினார்கள். 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், மழை இறங்க ஒரு சாண் திறந்த மண் இல்லாத வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிய இடமில்லாமல் தெருவில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் புல் விரித்தவர்களும் உண்டு. தண்ணீர் மிச்சம்தான், உச்சி வெயிலில் அதன் சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது குழந்தை வெறுங்காலோடு அதில் நிற்காது.

ஆகவே கேள்வி புல்லா, இல்லையா என்பதில்லை, எவ்வளவு என்பதுதான். குழந்தை விழுந்து புரளவும், சாயங்காலம் நாலு பேர் உட்காரவும் இருநூறு சதுர அடி தாராளம். அதற்கு, மேலே கணக்கிட்ட கோடைத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு, நாளுக்கு 93 லிட்டர் போதும். மிச்ச எண்ணூறில் ஒரு வேம்பு, ஒரு நெல்லி, கொஞ்சம் திறந்த மண், ஓரத்தில் துளசியும் கற்பூரவல்லியும் இருக்கட்டும். சதுர அடிக்குக் காசு வாங்குபவர் இந்த யோசனையைச் சொல்லவே மாட்டார். அவர் வருமானம் பரப்பில் இருக்கிறது. பொறுப்புக்குக் காசு வாங்குபவர் சொல்வார். பரப்பு குறைந்தால் அவருக்கும் தலைவலி குறைவு.

எழுதிக்கொள்ள வேண்டியவை

பேசும் முறையை மாற்றுவது என்றால் என்ன? பெரிய பத்திரம் ஒன்றும் வேண்டாம். ஒரு தாள் போதும். எத்தனை அங்குலம் கொத்துவது, எத்தனை யூனிட் மண், எத்தனை மூட்டை தொழு உரம், எந்தப் புல், எங்கே வெட்டியது, எந்தத் தேதியில் பதிப்பது என்று எழுதி இருவரும் கையெழுத்திடலாம். மண் வந்து இறங்கும்போது வீட்டுக்காரர் டேப் பிடித்து ஆழம் பார்க்கலாம்; அதில் யாருக்கும் மனக்கசப்பு வரத் தேவையில்லை, கொத்தனாரின் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதில்லையா?

பணத்தை மூன்றாகப் பிரிக்கலாம். மண் வேலை தொடங்கும்போது ஒன்று, புல் பதித்ததும் ஒன்று, பதித்த அறுபதாம் நாள் ஒன்று; மண் வேலையோடு கூட்டினால் அதுதான் மூன்று மாதப் பொறுப்பு. இதனால் போட்டவருக்கு அறுபது நாள் அந்தப் புல் பிழைக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. பதிலுக்கு வீட்டுக்காரரும் சிலவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும். முதல் இரண்டு வாரம் காலை மாலை தண்ணீர் விடுவது. மூன்று வாரம் யாரையும் நடக்க விடாதது. ஷாமியானாவை வேறு பக்கம் போடுவது. வேர் பிடித்தபின் தண்ணீர் விடும் நாள்களைக் குறைத்து, விடும்போது ஆழமாக நனைப்பது. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுகமாக இருந்துவிடும். கீழே ஈரம் இருந்தால்தான் அது இறங்கித் தேடும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மொட்டையடித்தால் வெயில் நேராக மண்ணில் விழும், களைக்கு அதுதான் அழைப்பிதழ்.

எல்லாவற்றுக்கும் நிபுணர் வேண்டுமா, நாமே செய்ய முடியாதா என்றால், தாராளமாகச் செய்யலாம். வெயில் விழும் சின்ன இடத்தில் மண்ணைக் கொத்திப் பண்படுத்தி, அருகம்புல் வேர்க்கரணைகளை ஒரு சாண் இடைவெளியில் ஊன்றிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். புல்லை நறுக்கிச் சாணமும் மண்ணும் குழைத்துத் தரையில் பூசும் முறையும் நம் தோட்டக்கலைப் பாடங்களில் இருக்கிறது. செலவு மிகக் குறைவு. விலையாகக் கேட்பது பொறுமையை. பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் பத்தை. பத்தை போட்டால்தான் ஆள் தேவை.

அந்த ஆளை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதும் இதில் சேரும். சுவர் எழுப்புகிறவர் மேஸ்திரி, கதவு செய்கிறவர் ஆசாரி, மின்கம்பி இழுக்கிறவர் எலக்ட்ரீஷியன். புல் போடுகிறவர் மட்டும் ‘தோட்டத்து ஆள்’. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மலரியலுக்கும் நில எழிலூட்டலுக்கும் தனித் துறையே இருக்கிறது. அங்கே படித்தவர் சொன்னால் கேட்கிற காது, முப்பது வருடம் மண்ணோடு கிடந்தவர் சொன்னால் கேட்பதில்லை. 2024 ஐபிஎல் முடிந்ததும் வழக்கமான பத்து மைதானங்களின் பணியாளர்களுக்கும் ஆடுகளப் பொறுப்பாளர்களுக்கும் தலா 25 லட்சம் ரூபாய் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. சேப்பாக்கத்தில் மழை நின்ற சற்று நேரத்தில் பந்து ஓடுகிறது என்றால், அதற்குப் பின்னால் வடிகாலும் புல்லும் தெரிந்த கைகள் இருக்கின்றன என்று ஒரு முறையாவது கணக்கில் எழுதினார்கள். வீட்டு வாசலில் அதே வித்தையைச் செய்பவரிடம் நாம் நாள் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கப் பார்க்கிறோம்.

தாளில் எழுதியபடி அறுபதாம் நாள் அவர் வருவார். கையில் கருவி எதுவும் இருக்காது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே நடப்பார். எங்கே கால் மெத்தென்று இறங்குகிறது, எங்கே இறங்கவில்லை என்று பாதமே சொல்லும். ஒரு மூலையில் குந்தி, இரண்டு விரலால் ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து மேலே இழுப்பார். பாய்போலச் சுருண்டு எழுந்து வந்தால் வேர் இறங்கவில்லை. கடைசித் தவணை இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கும். தரையோடு இறுகப் பிடித்துக்கொண்டு இலை நுனி மட்டும் அறுந்து கையோடு வந்தால், வீட்டுக்காரர் உள்ளே போய் மீதிப் பணத்தை எடுத்துவரலாம். அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கேட் ஓரத்தில் முளைத்திருக்கும் ஒற்றைக் கோரையை அவராகவே குனிந்து கிழங்கோடு தோண்டி எடுத்துப் போனால், அடுத்த ஆண்டு மேல்மண் போடவும் அவரையே கூப்பிடலாம்.